பதினாறு புள்ளிப் படம், இருபது புள்ளி இடம்

லேப்டாப் புதியது, திரையில் எழுத்தெல்லாம் கூர்மையாக இருக்கிறது. ஆனால் விண்டோவின் இடது மேல்மூலையில் உள்ள குட்டி ஐகான் மட்டும் மங்கி, ஓரம் பிசிறடித்து நிற்கிறது. உங்கள் கண்ணிலும் கோளாறில்லை, திரையிலும் கோளாறில்லை. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகக் கணக்குப் பார்ப்போம்.

விண்டோஸில் 100 சதவீத ஸ்கேலிங் என்பது அங்குலத்துக்கு 96 புள்ளி என்று வைத்துக்கொண்ட கணக்கு. அந்த அளவில் டைட்டில் பார் ஐகான் 16க்கு 16 பிக்சல். இன்றைய திரைகளில் பிக்சல் மிகப் பொடியானது. அப்படியே விட்டால் எதையும் படிக்க முடியாது. அதனால் 125, 150, 200 சதவீதம் என்று பெரிதாக்குகிறோம். ஐகானும் கூடவே வளர வேண்டும்: 125க்கு 20 பிக்சல், 150க்கு 24, 200க்கு 32.

எழுத்துக்கு இதில் சிரமமில்லை. எழுத்துருக் கோப்பில் இருப்பது கோடுகளின் வடிவம். கேட்ட அளவுக்குப் புதிதாக வரைந்துகொள்ளலாம். ஐகானோ பிக்சல் பிக்சலாக நிறம் நிரப்பிய படம். ஐகானைச் சேமிக்கும் ஐசிஓ கோப்புக்குள் பெரும்பாலும் 16, 32, 48, 256 என்று சில அளவுகள்தான் இருக்கும். 20 கேட்டால் கிடைக்காது. இருப்பதில் ஒன்றை இழுத்தோ சுருக்கியோதான் ஒப்பேற்ற வேண்டும். 16 புள்ளிச் சிக்குக் கோலத்தை 20 புள்ளி வைத்த வாசலில் போடச் சொன்னால் என்ன ஆகும்? இழை எங்கோ ஓரிடத்தில் தப்பிப்போகும்.

125 சதவீதத்தில் 4 பிக்சல் இருந்த இடத்தை 5 பிக்சல் நிரப்ப வேண்டும். ஐந்தாவதற்கு நிறம் எங்கிருந்து வரும்? நான்கில் ஒன்றை இரட்டித்தால், ஒரே கனத்தில் இருந்த கோடுகளில் ஒன்று மட்டும் தடித்துவிடும். பக்கத்து நிறங்களைக் கலந்தால் ஓரம் கரைந்து மங்கும். 200 சதவீதத்தில் ஒரு பிக்சல் சரியாக நான்காகிறது. கட்டம் கட்டமாகத் தெரிந்தாலும் வடிவம் கெடாது. தொல்லையெல்லாம் முழு எண்ணில் அடங்காத பெருக்கத்தில்தான்.

இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. விண்டோஸ் 8.1 முதல் ஒவ்வொரு திரைக்கும் தனி ஸ்கேலிங் வைக்கலாம். 100 சதவீதத் திரையில் திறந்த விண்டோவை 150 சதவீதத் திரைக்கு நகர்த்தினால், அளவு மாறியதை விண்டோஸ் செயலிக்குத் தெரிவிக்கும். அதைக் கேட்டுச் செயலி வேறு ஐகானை எடுத்துத் தர வேண்டும். தராவிட்டால் பழைய 16 பிக்சல் படமே நீட்டப்படும்.

நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான். ஸ்கேலிங்கை மாற்றியதும் ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். சில செயலிகள் அப்போதுதான் புது அளவை எடுத்துக்கொள்ளும்.

மற்றதெல்லாம் செயலியை உருவாக்குபவர்கள் கையில். கோப்பில் 20, 24, 40 ஆகிய அளவுகளையும் சேர்க்க வேண்டும். எஸ்விஜி போன்ற கோட்டுவடிவப் படம் கொடுத்தால் போதாதா என்றால், இத்தனை சிறிய அளவில் போதாது; மெல்லிய கோடு இரண்டு பிக்சலுக்கு நடுவில் விழுந்து மங்கிவிடும். எந்தக் கோடு எந்தப் பிக்சலில் உட்கார வேண்டும் என்று ஒரு மனிதர் பார்த்து வரைய வேண்டும். 20க்கு 20 என்றால் மொத்தம் 400 பிக்சல்தான். நாள் முழுக்க அதைப் பார்த்து வேலை செய்பவருக்காக அந்த 400 பிக்சலுக்கு மெனக்கெடலாம்.