பழையதுபோல் தோன்றும் புதிய நகரம்: நியூரம்பெர்க்கில் இளம் பயணிகள் காண்பது என்ன?

ஜெர்மனியில் உயர்கல்வி பயிலும் வெளிநாட்டு மாணவர்களில் எண்ணிக்கையில் முதலிடம் வகிப்பவர்கள் இந்தியர்கள். விடுமுறை கிடைத்ததும் முதுகுப்பையுடன் ரயிலேறும் இம்மாணவர்களும், ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பும் பிற நாட்டு இளைஞர்களும் விரும்பி இறங்கும் ஊர்களுள் ஒன்று நியூரம்பெர்க். பவேரியா மாநிலத்தில், மியூனிக்கிலிருந்து அதிவேக ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் உள்ளது. இந்நகரின் பெயர் ஆவணத்தில் முதன்முதலாக இடம்பெற்ற ஆண்டு 1050.

குன்றின்மேல் பேரரசர்களின் கோட்டை, ஊரைச் சுற்றிக் கல்மதில், சரிந்த செங்கூரைகள், இரட்டைக் கோபுரத் தேவாலயங்கள் என முதல் பார்வையில் நகரம் இடைக்காலத்திலேயே நின்றுவிட்டதுபோலத் தோன்றும். ஆனால், இரண்டு நாள்கள் தங்கிச் சுற்றும் எவருக்கும் ஒரு கேள்வி எழாமல் இருக்காது. கண்ணெதிரே இருப்பவற்றுள் உண்மையிலேயே பழையது எது? இரண்டாம் உலகப்போரின் முடிவில் இடிபாடாகக் கிடந்த இந்த ஊர், எதைத் திரும்பக் கட்டுவது, எதை அழகுபடுத்தாமல் விட்டுவிடுவது என்று எடுத்த முடிவுகளைத்தான் பயணிகள் இன்று சுற்றிப் பார்க்கிறார்கள்.

கோட்டைக்குள் ஒரு படுக்கை

குறைந்த செலவில் பயணம் செய்யும் இளைஞர்களுக்கு நியூரம்பெர்க்கில் கிடைக்கும் முதல் வியப்பு, தங்குமிடம். கோட்டை வளாகத்தை ஒட்டி உயர்ந்து நிற்கும் நீண்ட கல்கட்டடம் ஒன்று இளைஞர் விடுதியாகச் செயல்படுகிறது. ஹான்ஸ் பெஹைம் என்ற கட்டடக்கலைஞர் 1494-95ஆம் ஆண்டுகளில் தானியக் களஞ்சியமாகக் கட்டியது அது. பேரரசர் வருகை தரும் காலங்களில் அதன் கீழ்த்தளத்தில் குதிரைகளைக் கட்டினர். அதனால் 'பேரரசர் குதிரைலாயம்' என்ற பெயர் நிலைத்தது.

இளைஞர் விடுதி என்ற ஏற்பாடே ஜெர்மனியில் பிறந்ததுதான். ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர், 1909-ஆம் ஆண்டில் மாணவர்களுடன் நடைப்பயணம் சென்றபோது புயல்மழையில் சிக்கி, ஒரு பள்ளிக்கூடத்தில் இரவைக் கழிக்க நேர்ந்தது. விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிகளை நடந்து செல்லும் மாணவர்களுக்குத் திறந்துவிட்டால் என்ன என்று அவர் அப்போது எண்ணினார். அந்த எண்ணம் வளர்ந்து, 1912-இல் அல்டேனா கோட்டையில் முதல் நிலையான விடுதி உருவானது. இன்று உலகம் முழுவதும் கிளைபரப்பியுள்ள இந்த இயக்கத்தில் இந்திய இளைஞர் விடுதிகள் சங்கமும் இணைந்துள்ளது.

ஆயினும், இந்த விடுதியின் வரலாறும் அவ்வளவு எளிமையானது அன்று. 1930-களில் அதை இளைஞர் விடுதியாக மாற்றியவர்கள் நாஜிக்கள். பிறகு அது குண்டுவீச்சில் சிதைந்தது. போருக்குப் பின் மீண்டும் எழுப்பப்பட்டது. சுவருக்கு ஐந்நூறு வயது என்று எண்ணிக்கொண்டு உறங்கச் செல்லும் பயணி, அதன் பெரும்பகுதி தம் தாத்தாவின் தலைமுறையில் கட்டப்பட்டது என்பதைக் காலையில் அறிவிப்புப் பலகையைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்.

இடிந்த ஊர் எழுந்த விதம்

1945 ஜனவரி 2-ஆம் நாள் இரவு பிரிட்டிஷ் விமானங்கள் நியூரம்பெர்க்கின்மீது குண்டுமழை பொழிந்தன. ஏறத்தாழ 1,800 பேர் உயிரிழந்தனர். ஒரு இலட்சம் பேர் வீடிழந்தனர். பழைய நகரப் பகுதியில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. போர் ஓய்ந்தபின், ஒவ்வொரு வீட்டையும் அச்சு அசலாகத் திரும்பக் கட்ட இயலாது என்பதை நகரம் உணர்ந்தது. அதே நேரத்தில், எல்லாவற்றையும் அகற்றிவிட்டு அகலச் சாலைகளும் அடுக்குமாடிகளும் அமைக்கவும் மனம் வரவில்லை. பழைய தெருக்களின் வளைவுகள், வீடுகளின் உயரம், கூரையின் சாய்வு ஆகியவற்றைக் காப்பாற்றிக்கொண்டு, வீடுகளை எளிய புதிய பாணியில் கட்டுவது என்ற இடைவழி தேர்ந்தெடுக்கப்பட்டது. கோட்டையும் முக்கியத் தேவாலயங்களும் மட்டும் பழைய வடிவத்திலேயே எழுப்பப்பட்டன.

இதனால்தான், கோட்டைக்குன்றின்மேல் நின்று பார்க்கும்போது பழைமையாகத் தெரியும் நகரம், தெருவில் இறங்கி நடக்கும்போது 1950-களின் நகரமாக மாறிவிடுகிறது. சிலர் இதனால் ஏமாற்றம் அடைகின்றனர். அசலான மரச்சட்ட வீடுகளைக் காண விரும்புவோர், தோல் பதனிடுவோர் வாழ்ந்த வைஸ்கெர்பர்காசே தெருவுக்கும், ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1509-இல் வாங்கி இறுதிவரை வாழ்ந்த வீட்டுக்கும் செல்லலாம். அவை போரில் தப்பியவை.

முதன்மைச் சந்தைச் சதுக்கத்தில் கோபுரம்போல் நிற்கும் 'அழகிய நீரூற்று' இளைஞர்கள் கூட்டமாகப் படமெடுக்கும் இடம். அதைச் சுற்றியுள்ள கம்பிவேலியில் ஒரு பொன்னிற வளையம் உண்டு. அதைச் சுழற்றினால் நினைத்தது நிறைவேறும் என்பது ஐதீகம். 14-ஆம் நூற்றாண்டில் உருவான இந்த நீரூற்றின் இன்றைய வடிவம் ஒரு நகல். எஞ்சிய அசல் சிற்பங்கள் அருங்காட்சியகத்தில் உள்ளன.

அதே சதுக்கத்தில் நண்பகல் 12 மணிக்கு மரியன்னை தேவாலயக் கடிகாரத்தின் பொம்மைகள் வெளிவந்து பேரரசர் நான்காம் சார்லஸைச் சுற்றி வலம் வரும். கீழே நிற்போர் செல்பேசியை உயர்த்திப் பிடித்திருப்பார்கள். அந்தச் சதுக்கம் ஒரு காலத்தில் யூதர்களின் குடியிருப்பாக இருந்தது. 1349-இல் அக்குடியிருப்பு அழிக்கப்பட்டது. 562 யூதர்கள் கொல்லப்பட்டனர். அவர்களது தொழுகைக்கூடம் நின்ற இடத்தில்தான் இந்தத் தேவாலயம் எழுந்தது. குடியிருப்பை இடிக்க இசைவளித்தவர், மேலே பொம்மைகள் வலம் வருகின்ற அதே நான்காம் சார்லஸ். வழிகாட்டி உடன்வராத பயணிகளில் பலர் இதை அறியாமலேயே கடந்து செல்கிறார்கள் என்பதுதான் வருத்தத்துக்குரியது.

இடிந்த பழைய நகரத்தின் உண்மையான கற்கள் எங்கே போயின? அதற்கான விடை ஊரின் தென்கிழக்கில் கிடைக்கிறது. போரில் சிதைந்த கட்டடங்களின் கழிவு அங்கே கொட்டப்பட்டு, இன்று 'சில்பர்பக்' என்ற பசுங்குன்றாக நிற்கிறது. அது நிற்பதோ, நாஜிக் கட்சி தன் பேரணிகளுக்காக உருவாக்கிய திடல் வளாகத்தில்.

பேரணித் திடலின் படிக்கட்டு

1933 முதல் 1938 வரை ஆண்டுதோறும் நாஜிக் கட்சியின் மாநாட்டுப் பேரணிகள் நியூரம்பெர்க்கில் நடைபெற்றன. யூதர்களின் குடியுரிமையைப் பறித்த சட்டங்கள் 1935 செப்டம்பரில் இங்கேதான் அறிவிக்கப்பட்டன. மைய ரயில் நிலையத்திலிருந்து சிறிது தூரம் டிராம் வண்டியில் சென்றால், ரோமாபுரியின் கொலோசியத்தை நினைவூட்டும் மாநாட்டு மண்டபம் கண்ணில்படும். 50,000 பேர் அமரத் திட்டமிட்டுத் தொடங்கப்பட்டு, கூரை வேயப்படாமலேயே நின்றுபோன கட்டடம் அது. அதன் ஒரு முனையைக் குறுக்காகத் துளைத்துச் செல்லும் கண்ணாடி-உருக்கு நடைபாதையை ஆஸ்திரியக் கட்டடக்கலைஞர் குந்தர் டோமெனிக் வடிவமைத்தார். 2001-இல் திறக்கப்பட்ட ஆவண மையத்தின் அடையாளம் அதுவே.

ஏரிக்கு அப்பால் செப்பெலின் திடல். ஆல்பர்ட் ஸ்பேர் வடிவமைத்த, ஏறத்தாழ 360 மீட்டர் நீளமுள்ள கல் மேடையின்மீதுதான் ஹிட்லர் நின்று பேசினார். 1945 ஏப்ரலில் நகரைக் கைப்பற்றிய அமெரிக்கப் படையினர், மேடையின் உச்சியிலிருந்த நாஜிச் சின்னத்தை வெடிவைத்துத் தகர்த்தனர். இன்று அப்படிக்கட்டுகளில் புல் முளைத்திருக்கிறது. ஓட்டப் பயிற்சி செய்வோர், சுவரில் டென்னிஸ் பந்தை அடித்துப் பழகுவோர், வெயில் காய்ந்தபடி மதிய உணவைப் பிரிப்போர் எனச் சாதாரண மனிதர்கள் சாதாரண வேலைகளைச் செய்துகொண்டிருக்கிறார்கள். ராக் இசைவிழாவும் கார் பந்தயமும் இவ்வளாகத்தில் நடைபெறுகின்றன. முதல்முறை வரும் இளைஞர்களைத் திகைக்கவைப்பது பெரும்பாலும் இந்தக் காட்சிதான். இங்கே அமர்ந்து ரொட்டி தின்பது முறையா என்று சிலர் தயங்குகின்றனர். அதிகாரத்தைப் பறைசாற்றக் கட்டிய மேடை டென்னிஸ் சுவராகிப் போனதைவிடப் பொருத்தமான முடிவு அதற்கு இருக்க முடியாது என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம்.

ஆனால், கல் உதிர்ந்துகொண்டே இருக்கிறது. முற்றிலும் சிதைய விடலாமா, பொதுப்பணத்தில் செப்பனிடலாமா என்ற விவாதம் நகரில் நெடுங்காலம் நடந்தது. செப்பனிட்டால் ஹிட்லரின் கட்டடத்துக்கு மெருகேற்றியதாகாதா என்று ஒரு தரப்பினர் கேட்டனர். சிதைய விட்டால் அடுத்த தலைமுறை நேரில் கண்டு அறிய எதுவும் மிஞ்சாது என்றனர் மறுதரப்பினர். மக்கள் பாதுகாப்பாக ஏறி இறங்கும் அளவுக்கு மட்டும் காப்பது, அழகுபடுத்துவதில்லை என்ற நிலைப்பாட்டை நகராட்சி எடுத்தது. பழைய நகரத்துக்கு ஒரு விதி, இந்தத் திடலுக்கு வேறொரு விதி. இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பவர்களுக்கு அந்த வேறுபாடு சொல்லாமலே விளங்கும்.

இங்கு இளம் பயணிகள் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. விளையாட்டாகக்கூட அந்த மேடையில் நாஜி வணக்கம் செய்து படமெடுப்பது ஜெர்மானியச் சட்டப்படி குற்றம். மூன்று ஆண்டுகள் வரை சிறையோ அபராதமோ விதிக்கப்படலாம். 2017-இல் பெர்லின் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் இவ்வாறு படமெடுத்த சீனச் சுற்றுலாப் பயணிகள் இருவர் பிடிபட்டு, தலா 500 யூரோ பிணைத்தொகை செலுத்திய பின்னரே விடப்பட்டனர்.

இந்தியர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உள்ளது. நாஜிகளின் சின்னத்தை ஜெர்மானியர் 'கொக்கிச் சிலுவை' என்று பொருள்படும் சொல்லால் குறிக்கின்றனர். ஆங்கிலம் வழியாக அது நம்மிடம் 'ஸ்வஸ்திகா' என்றே வந்து சேர்கிறது. நம் வீட்டு வாசலிலும் கணக்குப் புத்தகத்திலும் மங்கலக்குறியாக இடம்பெறும் ஒன்றின் பெயரை, மொழிபெயர்ப்பு ஒரு கொடுங்கோலாட்சியின் சின்னத்துக்குச் சூட்டிவிட்டது. 2007-இல் அச்சின்னத்தை ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் தடைசெய்யும் எண்ணத்தை ஜெர்மனி முன்வைத்தபோது இந்து அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன, அம்முயற்சி நிறைவேறவில்லை. வழிபாட்டுக் குறியாக அணிவது வேறு, நாஜிச் சின்னமாகக் காட்டுவது வேறு. ஆயினும், கழுத்தில் ஸ்வஸ்திகா பதக்கம் அணிந்து இந்தத் திடலுக்குச் செல்வதைத் தவிர்ப்பது நல்லது. எதிரில் வருபவருக்கு அதை விளக்கிச் சொல்ல நேரம் கிடைக்காமல் போகலாம்.

600-ஆம் எண் நீதிமன்ற அறை

நகரின் மேற்கே ஃபூர்த்தர் சாலையில் உள்ள நீதிமன்ற மாளிகையில், 1945 நவம்பர் 20-இல் நாஜித் தலைவர்கள்மீதான விசாரணை தொடங்கியது. போரில் அதிகம் சேதமடையாத பெரிய நீதிமன்றமும் அதை ஒட்டியே சிறையும் இருந்தது, இவ்வூர் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு முக்கியக் காரணம். 218 நாள்கள் விசாரணை நடந்தது. 1946 அக்டோபர் 1-ஆம் நாள் 12 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது, மூவர் விடுவிக்கப்பட்டனர், ஏனையோர் சிறைத்தண்டனை பெற்றனர். மேலதிகாரியின் ஆணைப்படி நடந்தேன் என்பது குற்றத்திலிருந்து தப்பிக்கும் வழியாகாது என்ற நெறி அனைத்துலகச் சட்டத்தில் உறுதிப்பட்டது இந்த அறையில்தான்.

உள்ளே நுழையும் பயணிகள் முதலில் கேட்பது, 'இவ்வளவு சிறியதா?' என்பதே. செய்திப்படங்களில் தெரியும் கூடம் பெரியது. பார்வையாளர்களுக்காக அப்போது பின்சுவரை இடித்து மாடம் அமைத்திருந்தனர். பின்னர் சுவரை மீண்டும் எழுப்பி, வழக்கமான நீதிமன்றமாகப் பல பத்தாண்டுகள் பயன்படுத்தினர். மேல்தளத்தில் 2010-இல் திறக்கப்பட்ட நினைவுக் கண்காட்சியில், குற்றம்சாட்டப்பட்டோர் அமர்ந்த மரப்பலகைகள் வைக்கப்பட்டுள்ளன.

பலரும் அவசரமாகக் கடந்துவிடும் ஒரு பகுதி அங்கே உண்டு. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களால் அதை அவ்வாறு கடக்க இயலாது. ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஜெர்மன் என நான்கு மொழிகளில் விசாரணை ஒரே நேரத்தில் நடந்தது. ஒவ்வொரு வாக்கியத்தையும் பேசி முடித்த பின்னர் மொழிபெயர்த்திருந்தால் வழக்கு நான்கு மடங்கு நீண்டிருக்கும். எனவே, பேச்சு நிகழும்போதே மொழிபெயர்ப்பது என்ற முறை, இவ்வளவு பெரிய அளவில் முதன்முறையாக இங்கே கையாளப்பட்டது. செவிக்கருவியில் ஒரு திருகைத் திருப்பி அவரவர் மொழியைத் தேர்ந்துகொண்டனர். பேசுபவர் வேகமாகப் போனால் மஞ்சள் விளக்கும், நிறுத்த வேண்டுமானால் சிவப்பு விளக்கும் எரிந்தன. ஜெர்மன் மொழியில் வினைச்சொல் பல நேரங்களில் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். அதுவரை ஆங்கில மொழிபெயர்ப்பாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு நேரடியாக மொழிபெயர்த்துப் பார்த்தவர்களுக்கு இந்தத் தவிப்பு புதிதன்று. வேறுபாடு, அங்கே ஒரு சொல் தவறினால் அது ஒரு மனிதரின் உயிர் பற்றிய சாட்சியமாக இருந்தது.

எத்தனை நாள் வேண்டும்?

ஒரே நாளில் முடித்துவிட எண்ணுவோரே மிகுதி. அவ்வாறு செய்தால் கோட்டையும் சந்தைச் சதுக்கமும் மட்டுமே மிஞ்சும். ஒரு நாள் பழைய நகரத்துக்கும், மறுநாள் திடலுக்கும் நீதிமன்றத்துக்கும் ஒதுக்குவது நல்லது. பழைய நகரத்துக்கான நாளில் ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்தைத் தவறவிடக் கூடாது. மார்ட்டின் பெஹைம் 1492-இல் உருவாக்கிய உலக உருண்டை, அதாவது இன்று எஞ்சியுள்ள உலக உருண்டைகளுள் மிகப் பழையது, அங்கே இருக்கிறது. அதில் அமெரிக்கக் கண்டமே இல்லை. அருங்காட்சியக வாயிலில், மனித உரிமைகள் பேரறிக்கையின் 30 பிரிவுகளையும் தாங்கிய வெண்தூண் வரிசையை இஸ்ரேலியச் சிற்பி டானி கரவான் 1993-இல் அமைத்தார். அதைத் தொடர்ந்து 1995 முதல் இந்நகரம் மனித உரிமை விருது வழங்கிவருகிறது. 2003-இல் அவ்விருதை இந்தியாவின் தீஸ்தா செதல்வாட், பாகிஸ்தானின் ஐ.ஏ. ரெஹ்மான் ஆகிய இருவரும் பகிர்ந்துகொண்டனர்.

செலவைக் குறைக்க விரும்புவோர் 'பவேரியா டிக்கெட்' வாங்கலாம். ஐந்து பேர் வரை சேர்ந்து ஒரே சீட்டில் மாநிலம் முழுவதும் பயணிக்கலாம். ஆனால், வட்டார ரயில்களில் மட்டுமே அது செல்லும். வாரநாள்களில் காலை 9 மணிக்குப் பிறகே ஏற வேண்டும். மெட்ரோ நிலையங்களில் தடுப்புக் கதவுகள் இல்லை என்பதற்காகச் சீட்டின்றி ஏறுவோர் சிக்கினால் 60 யூரோ அபராதம். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் மூடியிருக்கும் என்பதால் தின்பண்டங்களைச் சனிக்கிழமையே வாங்கிவைப்பது உசிதம். தெருக்களில் விற்கும், சுண்டுவிரல் நீளத் தொத்திறைச்சி மூன்றை அடக்கிய ரொட்டிதான் ஊரின் அடையாள உணவு. அது பன்றி இறைச்சி. வேண்டாதவர்களுக்கு உப்பு தூவிய பிரெட்செல் ரொட்டியும், மசாலா மணக்கும் லெப்கூகன் இனிப்பும் உண்டு. நீதிமன்ற நினைவகத்துக்கு வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. மாநாட்டு மண்டபத்திலும் செப்பெலின் திடலிலும் அண்மை ஆண்டுகளாகச் சீரமைப்புப் பணிகள் நடைபெறுவதால், எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்பதைப் புறப்படும் முன் அவற்றின் இணையதளத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.