"வைரஸ் புகுந்து விட்டது" என்று மிரட்டும் கம்ப்யூட்டர்! போன் செய்தால் பணம் அபேஸ்!!

வேங்கிக்கால்,-

கம்ப்யூட்டர் திரையில் திடீர் என்று சிவப்பு எழுத்து மின்னும். காதைப் பிளக்கும் சத்தம் வரும். "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து விட்டது. உடனே இந்த நம்பருக்கு போன் செய்யுங்கள்" என்று மிரட்டும். பதறிப்போய் போன் செய்தால் தொலைந்தது. வைரசால் போகாத பணம், அந்த ஒரு போனால் போய்விடும்!

திருவண்ணாமலை மாவட்ட கலெக்டர் அலுவலகம் இருக்கும் ஊர் வேங்கிக்கால். பட்டா, பத்திர நகல், பிள்ளைகளின் மார்க் ஷீட் என்று முக்கிய காகிதங்களை எல்லாம் வீட்டு கம்ப்யூட்டரில் போட்டு வைப்பது இப்போது வழக்கமாகி விட்டது. மனுவோடு இணைக்க ஒரு நகல் வேண்டும் என்றால், பென்டிரைவ் ஜெராக்ஸ் கடைக்குப் போய் வருகிறது.

2023 பிப்ரவரி 12-ந்தேதி அதிகாலையில் திருவண்ணாமலை, போளூர், கலசபாக்கம் பகுதிகளில் 4 ஏ.டி.எம். எந்திரங்களை ஒரு கும்பல் கியாஸ் கட்டரால் அறுத்தது. ரூ.70 லட்சத்துக்கு மேல் அள்ளிச் சென்றது. அந்தக் கும்பலுக்கு கியாஸ் கட்டர் தேவைப்பட்டது. கம்ப்யூட்டர் திருடனுக்கு அதுவும் வேண்டாம். வீட்டுக்காரரே கதவைத் திறந்து விடுகிறார்!

அந்தக் கதவை மூடுவது எப்படி? விவரம் வருமாறு:-

மிரட்டல் பெட்டி

சிவப்பு எழுத்தில் மிரட்டுவது வைரஸ் அல்ல. அது வெறும் விளம்பரப் பக்கம். உண்மையான ஆன்டி வைரஸ் எதுவும் "இந்த நம்பருக்கு போன் செய்" என்று அலறாது.

போன் செய்தால் மறுமுனையில் ஒரு ஆசாமி "சார், நான் கம்பெனி என்ஜினீயர்" என்று நைசாகப் பேசுவான். ஒரு செயலியை ஏற்றச் சொல்வான். ஏற்றிய மறுநிமிடம் உங்கள் திரை அவன் கைக்குப் போய்விடும். பேங்க் கணக்கு, ரகசிய எண் எல்லாம் அவன் கண்ணுக்குத் தெரியும்.

பெட்டி மறைய மறுத்தால் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தி, வரும் பட்டியலில் பிரவுசரை மூடி விடலாம். மறுபடியும் மறுபடியும் வந்தால், ஏதோ ஒரு இணையதளத்துக்கு "அலோ" கொடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். பிரவுசர் செட்டிங்சில் "நோட்டிபிகேஷன்" பகுதிக்குப் போய் அந்தத் தளத்தை நீக்கினால் தொல்லை ஒழியும்.

வைரசா, வயசா?

"ரொம்ப ஸ்லோவா ஓடுது, வைரஸ்தான் போல" என்று சொல்லாத வீடு இல்லை. ஆனால் பல நேரங்களில் காரணம் வேறு. டிஸ்க் நிரம்பி வழியும். ஹார்ட் டிஸ்க் பழசாகி இருக்கும். ஆன் செய்ததும் பத்து, பதினைந்து புரோகிராம்கள் தாமாக எழுந்து ஓடும். முதலில் இவற்றைப் பார்க்க வேண்டும்.

உண்மையான வைரசுக்கு வேறு அடையாளங்கள் உண்டு. ஆன்டி வைரஸ் தானாக அணைந்து போகும்; மறுபடி போட்டால் எழாது. உங்கள் பெயரில், உங்களுக்குத் தெரியாமல் மெயில் போகும். பைல்களின் பெயர் மாறி, திறக்க முடியாமல் போகும்.

பென்டிரைவ் வில்லன்

பென்டிரைவில் இருந்த போல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி நின்றால், வெளியில் இருந்து வைரசை வாங்கி வந்திருக்கிறது என்று பொருள். "எல்லாம் போச்சே" என்று அழ வேண்டாம். அந்த ஷார்ட்கட்டைத் தொடவும் வேண்டாம். முதலில் ஆன்டி வைரசால் பென்டிரைவை சோதிக்க வேண்டும். பிறகு போல்டர் ஆப்ஷனில், மறைந்த பைல்களையும் சிஸ்டம் பைல்களையும் காட்டும்படி மாற்றினால் பத்திரமும் மார்க் ஷீட்டும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். அவசரப்பட்டு "பார்மட்" செய்தால்தான் ஆபத்து.

ஒரு உறையில் இரு கத்தி

"ஒன்றுக்கு இரண்டாகப் போட்டால் டபுள் பாதுகாப்பு" என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. ஒரே பைலை இரண்டு காவல்காரர்களும் பிடித்து இழுப்பார்கள். கம்ப்யூட்டர் படுத்துவிடும். ஒன்று போதும். அது விழித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

விண்டோஸ் 10, 11-ல் "டிபெண்டர்" என்ற ஆன்டி வைரஸ் கூடவே வருகிறது. தனிக் காசு கிடையாது. வேறொன்றைப் போட்டால் இது ஒதுங்கிக்கொள்ளும். சிக்கல் எங்கே என்றால், புது கம்ப்யூட்டரோடு சில மாதங்களுக்கு இலவசமாகத் தரும் வேறு ஆன்டி வைரசில்! கெடு முடிந்ததும் அது புது வைரஸ்களின் பட்டியலை வாங்காது. பெயருக்கு உட்கார்ந்திருக்கும். பணம் கட்ட விருப்பம் இல்லை என்றால் அதை அடியோடு நீக்க வேண்டும். டிபெண்டர் தானாக வேலைக்குத் திரும்பும்.

சென்னை சரக்கு

காசு கொடுத்து வாங்க நினைப்பவர்களுக்கு வெளிநாட்டு சரக்குதான் என்று இல்லை. 1986-ல் லாகூரைச் சேர்ந்த அண்ணன், தம்பி இருவர் எழுதிய "பிரெய்ன்" என்ற வைரஸ் உலகைச் சுற்றி வந்தது. 1991-ல் கேசவர்த்தனன் என்பவர் சென்னையில் "கே7" நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் ஆன்டி வைரஸ் ஜப்பான் வரை போய் விற்றது. புனேயில் கால்குலேட்டர் ரிப்பேர் செய்துவந்த கைலாஷ் கட்கரும் தம்பி சஞ்சயும் சேர்ந்து உருவாக்கியது "குயிக் ஹீல்".

எதை வாங்கினாலும் மூன்று கேள்வி கேட்க வேண்டும். முதல் வருட விலை இருக்கட்டும், இரண்டாம் வருடம் புதுப்பிக்க எவ்வளவு? எத்தனை கம்ப்யூட்டருக்கு செல்லும்? ஜெர்மனியின் "ஏ.வி.-டெஸ்ட்", ஆஸ்திரியாவின் "ஏ.வி.-கம்பேரட்டிவ்ஸ்" போன்ற சோதனைக் கூடங்களில் எத்தனை மார்க்? இந்த மார்க் பட்டியலை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம்.

காசு கொடுக்காமல் "கிராக்" செய்த ஆன்டி வைரஸ் போடுவது, திருடனையே வாட்ச்மேன் வேலைக்கு வைப்பது போல!

2 மாத அலட்சியம்

2017 மே 12-ந்தேதி "வான்னாக்ரை" என்ற வைரஸ் உலகையே உலுக்கியது. 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்கள் பூட்டப்பட்டன. திறக்க 300 டாலர் கேட்டது. இங்கிலாந்து ஆஸ்பத்திரிகள் தவித்தன. ஆந்திர போலீஸ் கம்ப்யூட்டர்களும் சிக்கின. இதில் வேதனை என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் 2 மாதங்களுக்கு முன்பே மார்ச் 14-ந்தேதி வெளியிட்டிருந்தது. "அப்புறம் போட்டுக்கலாம்" என்று விட்டவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் கூடுதல் உஷாராக இருக்க வேண்டும். 2025 அக்டோபர் 14-ந்தேதியோடு அதற்கு வழக்கமான இலவச அப்டேட் நின்றுவிட்டது. தனியாகப் பதிவு செய்யும் வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை என்று கூடுதல் கெடு அறிவிக்கப்பட்டது.

கூடங்குளத்தில்...

"நம்ம வீட்டுக்கு யார் வரப்போறா?" என்ற நினைப்பும் வேண்டாம். 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வேலைக்கான கம்ப்யூட்டர் ஒன்றிலேயே வைரஸ் புகுந்தது. அக்டோபர் 30-ந்தேதி அணுசக்தி கழகம் இதை ஒப்புக்கொண்டது. அணு உலையை இயக்கும் கம்ப்யூட்டர்கள் இன்டர்நெட்டோடு சேராமல் தனியாக இருந்ததால் ஆபத்து இல்லை.

அந்த "தனியாக" என்ற சொல்லில்தான் வீட்டுக்காரர்களுக்கும் பாடம் இருக்கிறது. பத்திரம், போட்டோக்களின் ஒரு நகலை தனி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, ஒயரைக் கழற்றி பீரோவில் வைத்துவிட வேண்டும். செருகியே வைத்திருந்தால், பைல்களைப் பூட்டும் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

புகுந்து விட்டால்?

முதல் வேலை, இன்டர்நெட்டைத் துண்டிப்பது. பிறகு டிபெண்டரில் "ஆப்லைன் ஸ்கேன்" என்பதை அழுத்தினால், விண்டோஸ் முழுசாக எழுவதற்கு முன்பே ஒளிந்திருக்கும் வைரசைத் தேடும். சுமார் 15 நிமிடம் ஆகும். மத்திய அரசு 2017-ல் தொடங்கிய "சைபர் ஸ்வச்தா கேந்திரா" தளத்திலும் வைரஸ் நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளை வேறு ஒரு சுத்தமான கம்ப்யூட்டர் அல்லது போனில் இருந்து மாற்ற வேண்டும்.

பணம் பறிபோயிருந்தால் வெட்கப்பட்டு மூடி மறைக்கக் கூடாது. உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்ய வேண்டும். பேங்குக்கும் சொல்ல வேண்டும். பணம் திருடன் கணக்கில் இருந்து வேறு கணக்குக்குத் தாவுவதற்கு முன்பு தகவல் போனால்தான் தடுத்து நிறுத்த வழி உண்டு. "நாளைக்குப் பார்க்கலாம்" என்றால் நாமம்தான்!