நீங்க ஹாஸ்டலுக்குப் போயிட்டா..?

காலை ஆறு மணி. சின்னமனூர் பக்கம் இருக்கிற ஓடைப்பட்டி. திராட்சைப் பந்தலுக்குக் கீழே குனிஞ்சு குனிஞ்சு பழம் வெட்டிட்டு இருக்காங்க. அப்பாவுக்கு ஒரு கையில செல்போன், இன்னொரு கையில பேனா. 'மதுரைக்கு 20 பெட்டி... குமுளிக்கு 15...' என்று காலண்டர் அட்டையின் பின்பக்கம் கிறுக்குகிறார். எட்டு மணிக்கு லோடு கிளம்பின பிறகுதான் தெரியுது, ஒரு பார்ட்டியோட ஆர்டர் விட்டுப்போச்சு! ராத்திரியே வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கார் மனுஷன். அது பதினேழு 'குட்மார்னிங்' ரோஜாப்பூக்களுக்கு அடியில புதைஞ்சு கிடக்குது!

"ஏன்ப்பா, இதையெல்லாம் ஆட்டோமேட் பண்ணிரலாமே..?" - செமஸ்டர் லீவுக்கு வந்த மகனோ மகளோ வாயைத் திறக்கிற இடம் இதுதான்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனா மளிகை, ஏலக்காய், டெக்ஸ்டைல்ஸ், டிராவல்ஸ் என்று வீட்டில் ஒரு சின்ன வியாபாரம் நடக்கிற எல்லாருக்கும் இது சொந்தக் கதை. நெட்டைத் திறந்தா ஆளாளுக்கு ஒரு பிளாட்ஃபார்மைக் காட்டி 'இதுதான் பெஸ்ட்' என்கிறார்கள். எதை எடுக்கிறது?

மேட்டர் ரொம்ப சிம்பிள் பாஸ்!

'வொர்க்ஃப்ளோ ஆட்டோமேஷன்' என்றதும் மிரள வேண்டாம். மோட்டார் சுவிட்சைப் போட்டா, தண்ணி சொட்டுநீர்க் குழாய் வழியா ஒவ்வொரு கொடிக்கும் தானா போகுதில்லையா, அதே கதைதான். கஸ்டமர் ஒரு ஃபார்மை நிரப்புகிறார், அதுதான் சுவிட்ச். உடனே கூகுள் ஷீட்டில் ஒரு வரி ஏறணும், அப்பாவுக்கு ஒரு மெயில் போகணும், பில் தயாராகணும். நடுவுல யாரும் கை வைக்க வேண்டாம்.

திராட்சைக்காரங்களுக்கு இது விளையாட்டு இல்லை. கவாத்து பண்ணி, கிட்டத்தட்ட நாலு மாசம் காத்திருந்து எடுக்கிற பழம். வாழை, மாம்பழம் மாதிரி காயா வெட்டிப் பழுக்க வைக்கவும் முடியாது. கொடியை விட்டு இறங்கின பிறகு திராட்சை பழுக்காது. மழை பிடிச்சா பழம் வெடிச்சிரும். ஒரு ஆர்டர் தவறினா அன்னிக்கே நஷ்டம்.

முதல்ல பேப்பர்... அப்புறம்தான் கம்ப்யூட்டர்

ஒரு வெள்ளைத்தாளை எடுங்க. போன் அடிக்கிறதில் ஆரம்பிச்சு பணம் கைக்கு வர்ற வரைக்கும் என்னென்ன நடக்குது, யார் செய்றாங்கன்னு எழுதுங்க. எந்த இடத்துல ஆர்டர் தொலையுதோ, அங்கே சிவப்பு மையில ஒரு வட்டம். பல வீடுகளில் அந்த வட்டம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும்!

அது 'மெசேஜ் கண்ணுல படலை' என்பதாக இருந்தால், எந்தப் பிளாட்ஃபார்மும் வேண்டாம். 2018-ல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் இலவசம். 'புது ஆர்டர்', 'பணம் பாக்கி' என்று லேபிள் ஒட்டலாம், ரெடிமேட் பதில்களும் வைக்கலாம். சொந்த பந்தங்களுக்குப் பழைய நம்பர், வியாபாரத்துக்குத் தனி நம்பர் என்று பிரிச்சாலே ரோஜாப்பூத் தொல்லை தீர்ந்துடும்.

களத்துல யார் யார்?

அதையும் தாண்டி நிஜமாவே ஆட்டோமேஷன் தேவைன்னா, சீனியர் ஜாப்பியர். 2011-ல் அமெரிக்காவில் ஆரம்பிச்சது. கட்டம் கட்டமா நிரப்பினா போதும், கோடிங் தெரிய வேண்டாம். மேக் என்பது செக் நாட்டில் பிறந்தது, 2022 வரைக்கும் அதன் பெயர் இன்டக்ரோமேட். படம் வரைகிற மாதிரி வட்டங்களைக் கோர்த்துக்கிட்டே போகலாம். என்8என், 2019-ல் ஜெர்மனியில் இருந்து வந்தது. நம்ம சொந்த சர்வரிலேயே இலவசமா ஓட்டலாம். தென்காசி மத்தளம்பாறையில் 2011-லேயே ஆபீஸ் போட்ட நம்ம ஜோஹோவுக்கும் ஜோஹோ ஃப்ளோ இருக்கு. இது எதுவும் வேண்டாமா? கூகுள் ஷீட்டுக்குள்ளேயே ஆப்ஸ் ஸ்கிரிப்ட் ஒளிஞ்சிருக்கு. கோடு எழுதணும், ஆனா காசு கிடையாது. சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 100 பேருக்கு மெயிலும் அனுப்பலாம்.

மீட்டர் ஓடுது... பார்த்து!

எல்லாரும் விலையைப் பார்ப்பாங்க. நீங்க மீட்டரைப் பாருங்க. ஜாப்பியரில் செய்து முடிக்கிற ஒவ்வொரு வேலையும் ஒரு 'டாஸ்க்'. ஷீட், மெயில், பில் - ஒரு ஆர்டருக்கு 3. சீசனில் ஒரு நாளைக்கு 40 ஆர்டர் வந்தால் 120 டாஸ்க். இலவசத் திட்டத்தில் மாசத்துக்கே 100-தான்! முதல் நாள் சாயங்காலத்துக்குள்ள கதை முடிஞ்சது.

மேக்கில் மாசம் 1000 இலவசம். பரவாயில்லையேன்னு குதிக்காதீங்க. 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை 'ஆர்டர் வந்திருக்கா?' என்று எட்டிப் பார்க்கச் சொன்னால், ஆர்டர் வராவிட்டாலும் பார்த்ததுக்கே ஒரு கணக்கு. நாளைக்கு 96. சும்மா எட்டிப் பார்த்தே பத்துப் பதினோரு நாளில் இலவசம் காலி! ஃபார்ம் வந்ததும் அதுவே தகவல் சொல்கிற மாதிரி வெப்ஹுக் முறையில் அமைச்சா இந்தச் செலவு மிச்சம். என்8என் கிளவுடில், எத்தனை படி இருந்தாலும் ஆரம்பம் முதல் கடைசி வரை ஓடினால் ஒரே கணக்கு. சொந்த கம்ப்யூட்டர்ல போட்டா அந்த மீட்டரும் இல்லை. ஆனா கரன்ட் போனா ஆர்டரும் போச்சு!

இந்த அளவுகளைக் கம்பெனிகள் அடிக்கடி மாத்தும். எடுக்கும் முன்னாடி ஒரு தடவை சரிபாருங்க. வருஷச் சந்தா கட்டினால் தள்ளுபடி என்று ஆசை காட்டுவார்கள். பந்தலில் பழமே இல்லாத மாசத்துக்கும் பணம் கட்டப்போறோம் என்பதை மறந்துடாதீங்க.

வாட்ஸ்அப் கேட்டில் வாட்ச்மேன்

'எல்லாம் வாட்ஸ்அப்லயே தானா போகணும்' என்பார் அப்பா. நியாயமான ஆசைதான். ஆனா இலவச ஆப்பை ஜாப்பியரோ மேக்கோ நேரடியா இயக்க முடியாது. அதுக்கு வாட்ஸ்அப் பிசினஸ் பிளாட்ஃபார்ம் என்ற தனி வழி இருக்கு. 2025 ஜூலையில் இருந்து நாம அனுப்புகிற டெம்ப்ளேட் மெசேஜ்களுக்கு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனிக் கட்டணம். 'காசே இல்லாம செஞ்சு தர்றோம்' என்று சிலர் குறுக்கு வழி காட்டுவார்கள். நம்பிடாதீங்க. மாட்டினால் வாட்ஸ்அப் அந்த நம்பரையே முடக்கிடும். வருஷக்கணக்கா வியாபாரிங்க எல்லார்கிட்டயும் இருக்கிற அப்பாவோட நம்பர் அது. அதை வெச்சு சூதாடக் கூடாது.

லட்சம் ரூபாய்க் கேள்வி

இப்ப மெயின் மேட்டருக்கு வருவோம். லீவில் உட்கார்ந்து பத்து நாளில் அசத்தலா ஒண்ணு செஞ்சுட்டீங்க. அப்பா முகத்தில் பெருமை. நீங்க ஹாஸ்டலுக்குக் கிளம்பிட்டீங்க. மறுவாரம் இன்டர்னல் எக்ஸாம். அன்னிக்குப் பார்த்து எங்கேயோ ஒரு பாஸ்வேர்டு காலாவதியாகி எல்லாம் நின்னுபோகுது. 'ஃபெயிலாயிடுச்சு' என்கிற மெயில் யாருக்கு வரும்? உங்களுக்கு! நீங்க எக்ஸாம் ஹாலில். செல் ஸ்விட்ச் ஆஃப். ஊரில் அப்பா, 'இன்னிக்கு ஆர்டரே வரலையே' என்று பந்தலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பார்.

முன்னாடி ஒரு ஆர்டர்தான் தொலைஞ்சது. இப்ப மொத்தமா தொலையும்.

அதனால பிளாட்ஃபார்மைத் தேர்ந்தெடுக்கும்போது 'எதுல வசதி ஜாஸ்தி?' என்று கேட்காதீங்க. 'நான் இல்லாதப்போ இதை யார் ஓட்டுவாங்க?' என்று கேளுங்க. என்8என் போட்டா ரெஸ்யூமேவுக்கு கெத்துதான். வீட்டில் அதைத் தொடத் தெரிஞ்ச ஆள் இல்லைன்னா, வெறும் ஃபார்மும் ஷீட்டும் அதைவிட எவ்வளவோ மேல்.

கிளம்புறதுக்கு முன்னாடி நாலு வேலை பாக்கி:

* கணக்கை வியாபாரத்தின் பெயரில் ஒரு மெயில் ஐ.டி.யில் தொடங்குங்க. காலேஜ் ஐ.டி. வேண்டவே வேண்டாம். கோர்ஸ் முடிஞ்சதும் அதை மூடிட்டா எல்லாம் அம்பேல்!

* 'நின்னுபோச்சு' என்கிற தகவல் வீட்டில் இன்னொருத்தருக்கும் போகணும். அம்மா, அக்கா, கணக்கு எழுதுறவர்... யாரா இருந்தாலும் சரி.

* வாரம் ஒரு தடவை ஆர்டர் விவரத்தை டவுன்லோட் பண்ணி வைக்கப் பழக்குங்க. நாளைக்கு வேற பிளாட்ஃபார்முக்கு மாறினாலும் டேட்டா நம்மகிட்ட இருக்கும்.

* கடைசியா ஒரு பரீட்சை. வீட்டில் இருந்துக்கிட்டே ஒரு வாரம் அதில் கை வைக்காதீங்க. அப்பாவே ஓட்டட்டும். எங்கே திணறுகிறாரோ, அந்தப் படியை எடுத்துடுங்க.

இதில் அப்பா பாஸானா, தைரியமா பஸ் ஏறலாம். அந்தக் காலண்டர் அட்டையை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க. நெட் இல்லாத அன்னிக்கு அதுதான் பேக்கப்!

சீசன் முடிஞ்சு திரும்பி வரும்போது, ரெண்டு கொத்து நமக்கும் பார்சல் ப்ளீஸ்!