கண்ணாடியில் மோதி விழும் குருவி: வாயில் தண்ணீர் ஊத்தாதீங்க!

சென்னை:
ஆண்டுதோறும் செப்டம்பர், அக்டோபரில் வடக்கே இருந்து தமிழகம் வரும் விருந்தாளி, ஆறுமணிக்குருவி. காலையும் மாலையும் 6 மணி வாக்கில் குரல் கொடுப்பதால் இந்தப் பெயர்.

இரவில் பறந்து வரும் இந்தக் குருவிகளில் சில, நகரத்து விளக்கு வெளிச்சத்தில் திசைமாறி, கட்டிடக் கண்ணாடியில் மோதி விழுந்து விடுகின்றன.

'அய்யோ பாவம்' என்று அதன் வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றுவதுதான் பலரும் செய்யும் தப்பு. பறவையின் மூச்சுக்குழாய் வாசல் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. தண்ணீர் அதற்குள் இறங்கினால் நுரையீரலுக்குப் போய் உயிரையே பறித்துவிடும்.

அப்போ என்ன செய்யணும்?

* மெல்லிய துணியால் மூடி, இறுக்காமல் எடுக்கணும்.

* காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து வைத்து மூடணும். இருட்டில் பயம் குறையும்.

* பூனை, நாய் அண்டாத, சத்தம் இல்லாத இடத்தில் வைக்கணும். தீனியும் வேண்டாம். அடிக்கடி திறந்து பார்க்கவும் கூடாது.

* ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, மரம் உள்ள இடத்தில் பெட்டியைத் திறந்தால் தானே பறந்துவிடும். மேலே தூக்கி வீசக்கூடாது. ராத்திரி கிடைத்தால் விடிந்ததும் விடலாம்.

இறக்கை தொங்கினாலோ, ரத்தம் வந்தாலோ, பறக்க முடியாவிட்டாலோ உடனே வனத்துறைக்குத் தகவல் சொல்லணும். அழகாக இருக்கிறதே என்று கூண்டில் அடைத்தால், 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.