தோற்றாலும் ஏன் திரும்ப ஆடுகிறார்கள்? கைபேசிச் சீட்டாட்டமும் சூதும்

பதுளை மாவட்டத் தோட்டங்களுக்குச் செய்தி சேகரிக்கப் போகும்போதெல்லாம் இரண்டு விதமான சீட்டாட்டங்களைப் பார்க்கிறேன். ஒன்று, லயன் வாசலில் நான்கு பேர் கூடியிருந்து ஆடும் 304. மற்றது, பசறை பஸ்ஸிலோ கொழும்பு ரயிலிலோ ஓர் இளைஞர் தனியாகக் கைபேசியில் ஆடுவது. இரண்டாவதைப் பெரியவர்கள் 'சூது' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். சில நேரம் அது சரி. பல நேரம் அது சூதே அல்ல. இந்த வித்தியாசம் வீட்டுக் காசோடு சம்பந்தப்பட்டது என்பதால் விளக்கமாகப் பார்ப்போம்.

இந்த வகை விளையாட்டுகளை 'றோக்லைக் டெக் பில்டர்' என்கிறார்கள். இரண்டு மரபுகள் சேர்ந்து பிறந்தது இது. 1980 அளவில் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கிய 'றோக்' என்ற கணினி விளையாட்டில் ஒவ்வொரு தடவையும் பாதை மாறும்; செத்தால் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். 2008 இல் வந்த 'டொமினியன்' என்ற மேசை விளையாட்டில் எல்லோரும் ஒரேமாதிரியான சாதாரணச் சீட்டுகளோடு தொடங்கி, ஆட ஆடத் தங்கள் கட்டைத் தாங்களே பெருக்கிக்கொள்வார்கள். இந்த இரண்டையும் இணைத்துப் பிரபலமாக்கியது 'ஸ்லே த ஸ்பயர்'. 2019 இல் அது முழுமையாக வெளிவந்தது. 2024 பெப்ரவரியில் 'பலாட்ரோ' வந்தது. 'லோக்கல்தங்க்' என்ற புனைபெயர் கொண்ட கனேடியர் ஒருவர் ஏறக்குறைய தனியாகவே உருவாக்கிய இந்த விளையாட்டு, ஓராண்டுக்குள் 50 இலட்சம் பிரதிகள் விற்றது.

ஸ்லே த ஸ்பயரில் முதல் வீரனுக்குக் கிடைப்பது 10 சீட்டுகள்: 5 அடி, 4 தடுப்பு, 1 பலத்த அடி. ஒவ்வொரு முறையும் 5 சீட்டு கைக்கு வரும். எதிரி அடுத்து என்ன செய்யப்போகிறான் என்பது அவன் தலைக்கு மேலேயே காட்டப்படும். சண்டையில் வென்றால் மூன்று புதிய சீட்டுகள் காட்டப்படும். ஒன்றை எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம். விடுவதில்தான் சூட்சுமம். 10 சீட்டுக் கட்டு இரண்டு முறையில் முழுவதும் கைக்கு வந்துவிடும். 30 ஆனால் ஆறு முறை காத்திருக்க வேண்டும். 304 ஆடுபவருக்கு இந்தக் கணக்கு அந்நியமில்லை. முதல் நான்கு தாளை மட்டும் பார்த்து ஏலம் கேட்டு, துருப்பைக் கவிழ்த்து வைப்பவரும் பாதி தெரிந்துதான் முடிவெடுக்கிறார்.

எப்போதாவது ஆடுபவர்களுக்கு இது பொருந்துவதற்குக் காரணங்கள் எளியவை. விரல் வேகம் தேவையில்லை. யோசிக்க நேரம் உண்டு. வேலை வந்தால் மூடி வைத்துவிட்டுப் பிறகு தொடரலாம். டேட்டா முடிந்தாலும், மலைச் சரிவில் சிக்னல் போனாலும் ஆட்டம் நிற்காது.

ஆனால் பெரிய கவர்ச்சி தோல்வியில் இருக்கிறது. புதியவர் பெரும்பாலும் தோற்பார். சேர்த்த சீட்டெல்லாம் போய்விடும், கற்றது மிஞ்சும்.

எல்லாம் இழந்து முதலிலிருந்து தொடங்குவது இதை வாசிக்கும் பலருக்கு விளையாட்டுப் பேச்சல்ல. 1983 யூலையில் பதுளை நகரமும் எரிந்தது. வன்முறைகளுக்கு அஞ்சி மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன பல குடும்பங்கள் 2009 இல் அங்கும் எல்லாவற்றையும் இழந்தன. அந்த இழப்புகளை ஒரு விளையாட்டோடு ஒப்பிட முடியாது. அங்கே விதிகளை யாரும் சொல்லித் தரவில்லை. சரியான முடிவெடுத்தவர்களும் இழந்தார்கள். விளையாட்டிலோ விதி தெரியும், இழப்புக்கு எல்லை உண்டு, ஏன் தோற்றோம் என்று கண்டுபிடிக்கலாம். அப்படிப்பட்ட வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது ஓர் ஆறுதலாக இருந்தால் எனக்கு வியப்பில்லை. மருந்து என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

இனிக் காசு. இந்த இரண்டு விளையாட்டுகளும் கைபேசிக்குச் சுமார் 10 டொலர், அதாவது ஏறக்குறைய 3,000 ரூபா. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அந்தச் சம்பளத்தில் இரண்டு நாள் கொழுந்து எடுத்தாலும் போதவில்லை. இந்த இடைவெளியில்தான் 'இலவசம்' என்று சொல்லிப் பந்தயச் செயலிகள் நுழைகின்றன. அவற்றிலும் அதே சீட்டு, அதே வெளிச்சம், அதே சத்தம். ஆனால் அங்கே தோற்பது உங்கள் தீபாவளி முற்பணம்.

பலாட்ரோவில் போக்கர் சீட்டு வரிசைகள் உண்டு; பணம் வைத்து ஆடுவது இல்லை. ஐரோப்பாவின் வயது மதிப்பீட்டு அமைப்பான பெகி அதற்கு 18 வயது என்று வைத்திருந்ததை, 2025 பெப்ரவரியில் 12 ஆகக் குறைத்தது. தன் விளையாட்டைச் சூதாட்ட நிறுவனங்களுக்கு விற்கவோ உரிமம் கொடுக்கவோ கூடாது என்று உயிலிலேயே எழுதியிருப்பதாக அதை உருவாக்கியவர் சொல்லியிருக்கிறார்.

ஆகவே பிள்ளையின் கைபேசியைப் பறிப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். தோற்றால் காசு போகுமா? வென்றால் காசு தருவதாகச் சொல்கிறதா? ஒருமுறை வாங்கிய பிறகும் திரும்பத் திரும்பக் காசு கேட்கிறதா? ஒன்றுக்காவது 'ஆம்' என்று பதில் வந்தால் அன்றைக்கே உட்கார்ந்து பேச வேண்டும். மூன்றுக்கும் 'இல்லை' என்றால், பக்கத்தில் இருந்து ஒரு சுற்றுப் பாருங்கள். 304 தெரிந்தவருக்கு விளங்க அதிக நேரம் எடுக்காது.