வண்டியின் அடிவயிற்றில் துரு

செஞ்சியிலிருந்து மரக்காணம் கடற்கரைக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அதனால், துரு என்பது கடலோரத்து வண்டிகளின் தொல்லை என்று இந்தப் பக்கத்தில் பலரும் நினைத்துவிடுகிறார்கள். தாரோ, பொலேரோவோ, கூர்க்காவோ, பழைய மகிந்திரா ஜீப்போ, ஐந்தாறு ஐப்பசி மழையைப் பார்த்த ஒரு வண்டியை லிப்டில் ஏற்றி, டார்ச் அடித்து, சேஸின் உள்மடிப்புகளைப் பாருங்கள். அந்த நினைப்பு கலைந்துவிடும்.

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் போதும். உப்பு சேர்ந்தால் வேகம் பல மடங்காகும். உப்பு கலந்த ஈரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்; துருப்பிடித்தல் என்பது இரும்பின் மேல் நடக்கும் ஒரு சிறிய மின்வேதி வேலைதான். போதாததற்கு, காய்ந்துவிட்டதுபோல் தெரியும் உப்புப் படலம் இரவுக் காற்றின் ஈரத்தை மறுபடி இழுத்துக்கொள்ளும்.

செஞ்சி வட்டாரத்தில் உப்பு எங்கிருந்து வருகிறது? திண்டிவனம் வழியாக மரக்காணம் உப்பளப் பக்கம் போய்வந்தால் சக்கரமே அள்ளிக்கொண்டு வரும். ஆனால் பெரும்பாலோர் கவனிக்காதது உர மூட்டை. வயலுக்குப் போடும் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. நம் சமையல் உப்பைப் போலவே அதுவும் ஒரு குளோரைடு உப்பு. இரும்பை அரிப்பதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பிக்கப்பில் ஒரு மூட்டை கிழிந்து கொட்டியது பலகை இடுக்கு வழியாகச் சேஸின் மேல் இறங்கி, அடுத்த மழைவரை அங்கேயே கிடக்கும். மாட்டுக்கொட்டகையை ஒட்டி வண்டியை நிறுத்தினால் மூத்திரத்திலுள்ள உப்பும் அம்மோனியாவும் சேரும். உவர்ப்பான போர் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் காயவிட்டால் அதுவும் ஒரு வெள்ளைப் படலத்தை விட்டுவிட்டுத்தான் போகும்.

அடுத்தது சேறு. ஏரிக்கரைச் செம்மண்ணும் நடவு வயலின் களியும் சக்கர வளைவுக்குள்ளும், பெட்ரோல் டேங்கின் மேல்பக்கத்திலும், ஸ்பிரிங் பட்டைகளின் இடுக்கிலும் அப்பிக்கொண்டால், ஈரச் சாக்கைச் சுற்றி வைத்தது போல இரும்பு பல நாள் நனைந்தே கிடக்கும். வெளியே மண் வெளுத்திருக்கும். உள்ளே விரலை விட்டால் சில்லென்றிருக்கும். மழையில் நனைந்து உடனே காயும் இரும்பைவிட, சேற்றுக்குள் காயாமல் கிடக்கும் இரும்புதான் சீக்கிரம் போகிறது.

2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது, அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு இன்ஜினையும் சீட்டையும் சரிசெய்வதோடு வேலையை முடித்துவிடுகிறார்கள். சேஸ் என்பது உள்ளே பொள்ளலான பெட்டி இரும்பு. அதன் துளைகள் வழியே புகுந்த வண்டல் வெளியே வர யாராவது வழி செய்தாக வேண்டும். மெல்லிய குழாயை ஒவ்வொரு துளையிலும் விட்டு, மறுமுனையில் தெளிந்த நீர் வரும்வரை அலசுங்கள். அப்படியே முன், பின் ஆக்சில் ஆயிலையும் திறந்து பாருங்கள். பால் ஊற்றியதுபோல் வெளுத்திருந்தால் காற்றுப்போக்குக் குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று பொருள். ஆயிலை மாற்றாமல் ஓட்டினால் பேரிங்கும் பல்சக்கரமும் உள்ளேயே துருவேறும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அண்டர்கோட்டிங் பற்றி. துரு என்றதும் பணம் கட்டிக் கெட்டியான கருப்புப் பூச்சு அடித்துக்கொண்டு நிம்மதியாகிவிடுகிறோம். புது வண்டியில், சுத்தமான காய்ந்த இரும்பின் மேல் அது நல்ல கவசம். நான்கு வருடம் சேற்றில் ஓடிய வண்டியில், மேலோட்டமாக நீர் பீய்ச்சிவிட்டு அதே நாளில் அடித்தால், ஈரத்தையும் உப்பையும் உள்ளே வைத்து மூடுகிறோம். ரப்பர் கலந்த பூச்சு ஓரிடத்தில் கல்பட்டுக் கிழிந்தால் போதும். அதன் வழியே நீர் புகுந்து பூச்சுக்கும் இரும்புக்கும் நடுவே பரவும். மேலே கருகருவென்று அழகாக இருக்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் தகடு தகடாக உதிரும். தண்ணீர் வடிய கம்பெனி விட்டிருக்கும் துளைகளையும் அந்தப் பூச்சே அடைத்துவிடுவதுண்டு. அடைபட்ட ஒரு வடிகால் துளை, பூச்சே இல்லாத சேஸைவிட ஆபத்தானது.

வாட்டர் சர்வீஸில் கழிவு ஆயிலும் டீசலும் கலந்து அடிக்கும் பழக்கமும் இருக்கிறது. எண்ணெய் நீரை விலக்கும் என்பது உண்மை. ஆனால் ஓடித் தேய்ந்த இன்ஜின் ஆயிலில் எரிபொருள் எரிந்ததால் உண்டான அமிலமும் நுண்ணிய உலோகத் தூளும் கலந்திருக்கும். புஷ், பூட் போன்ற ரப்பர் பாகங்கள் ஊதிப்போகும். பிரேக்கில் பட்டால் உயிருக்கே ஆபத்து. சொட்டுவது எல்லாம் மண் வழியாக நம் கிணற்றுக்குப் போகிறது. இதைக் கைவிடுவதே நல்லது. பேட்டரியில் மாட்டினால் துருவே வராது என்று விற்கப்படும் மின்னணுப் பெட்டிகளையும் வாங்க வேண்டாம். தண்ணீருக்குள்ளேயே மூழ்கியிருக்கும் கப்பலுக்கும் மண்ணில் புதைந்த குழாய்க்கும் பொருந்தும் முறை அது. காற்றில் ஓடும் வண்டியில் மின்சாரம் சுற்றிவர நீர்வழி கிடையாது.

சரி, துரு வந்துவிட்டது. முதலில் அதன் ஆழத்தைப் பாருங்கள். சிறு சுத்தியலால் சேஸை நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் இரும்பு திடமாக இருக்கிறது. மொத்தென்று கேட்கும் இடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் குறி போடுங்கள். கையில் ஒட்டும் செந்தூள் மட்டும் என்றால் கவலை இல்லை. ஏடு ஏடாகப் பெயர்ந்தால் உடனே வேலை பார்க்க வேண்டும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால், தடித்த ஏட்டைக் கண்டு பாதி சேஸே போய்விட்டது என்று பதற வேண்டியதில்லை. சுரண்டி எடுத்தபின் மிஞ்சும் கனம்தான் கணக்கு.

வேலைக்கு ஏற்ற காலம் பொங்கலுக்குப் பிறகு. மாசி, பங்குனி வெயிலில் ஒரு வாரம் நிறுத்தி முழுதாகக் காயவைக்கலாம். கிரைண்டரில் வயர் கப் மாட்டி, கண்ணாடியும் முகமூடியும் அணிந்து, தளர்ந்த துருவையெல்லாம் எடுத்துவிட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கைத் தின்னரால் துடையுங்கள். மண்ணெண்ணெய் விட்டுவிட்டுப் போகும் படலத்தின் மேல் பெயின்ட் பிடிக்காது. குழிகளில் மிஞ்சும் துருவுக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் என்ற திரவம் கடையில் கிடைக்கிறது. பல வகைகளில் இருப்பது டானிக் அமிலம் அல்லது பாஸ்பாரிக் அமிலம். டானிக் அமிலம் துருவோடு சேர்ந்து கருநீலப் படலமாக இறுகும். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கருமை உண்டாகும் என்பது கலம்காரித் துணிக்குச் சாயமேற்றியவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த சங்கதி. இங்கேயும் அதே வேதியியல்தான். ஆனால் கெட்டியான ஏட்டின் மேல் இதை ஊற்றினால் மேல்தோல் மட்டுமே மாறும். சுரண்டும் வேலைக்குக் குறுக்குவழி இல்லை.

கன்வெர்ட்டர் டப்பாவில் குறித்திருக்கும் நேரம்வரை காய்ந்தபின் எபாக்ஸி அல்லது ஜிங்க் பாஸ்பேட் ப்ரைமர், அதன்மேல் சேஸ் பிளாக். வெறும் ரெட் ஆக்சைடோடு நிறுத்திவிட்டால் கற்சாலையில் அது தாங்காது. சைலன்சர், பிரேக் டிஸ்க், புரொப்பெல்லர் ஷாஃப்ட் மூட்டு, கிரீஸ் நிப்பிள், ரப்பர் புஷ் இவற்றை மூடிவிட்டுத்தான் ஸ்ப்ரே செய்ய வேண்டும். பெட்டி இரும்பின் உட்புறத்துக்குப் பெயின்ட் எட்டாது. நீண்ட வளையும் குழாய் கொண்ட கேவிட்டி வேக்ஸைத் துளைகள் வழியே அடிக்கலாம். மெழுகு இடுக்குகளில் ஊர்ந்துபோய் ஒட்டிக்கொள்ளும், முழுதாக இறுகாது, கீறல் விழுந்தாலும் ஓரளவு தானே மூடிக்கொள்ளும். துரு பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வருவதால், என் கணக்கில் வெளிப்பூச்சைவிட இந்தச் செலவே முக்கியம். முடித்ததும் ஒரு கம்பியால் வடிகால் துளைகளைக் குத்தித் திறந்துவிடுங்கள்.

சேஸ் எண் பொறித்த இடத்தில் மட்டும் கிரைண்டரை வைக்கவே கூடாது. 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது அந்த எண் படிக்கும்படி இருக்க வேண்டும். மென்மையான பிரஷால் துடைத்து, கொஞ்சம் கிரீஸ் தடவி வைத்தால் போதும். பிரேக் குழாயில் ஏடு பெயர்ந்திருந்தால் பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள், குழாயையே மாற்றுங்கள். ஊசித்துளை ஒன்று விழுந்தால் பிரேக் ஆயில் வெளியேறி, மிதி தரைவரை போய்விடும்.

ஓட்டை விழுந்த சேஸை வெல்டிங்கில் காப்பாற்ற முடியுமா? சிறு ஓட்டை என்றால், சுற்றிலும் திடமான இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்து, அதே கனத் தகட்டைப் பொருத்தலாம். பேட்டரி இணைப்பைக் கழற்றி, பக்கத்தில் டேங்க் இருந்தால் இறக்கிவைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். வெல்டிங் சூட்டில் உட்புற மெழுகு எரிந்துபோவதால் அந்த இடத்துக்கு மறுபடி அடிக்க வேண்டும். ஸ்பிரிங் தாங்கியும் ஸ்டியரிங் பெட்டியும் பொருந்தும் இடங்களில் ஓட்டை என்றால் ஒட்டுப்போடும் கதையே வேண்டாம். பனியை உருக்கச் சாலையில் உப்பு தூவும் அமெரிக்காவில் டகோமா, டன்ட்ரா, செக்வோயா வண்டிகளின் சேஸ் துரு வழக்கு 2016இல் சமரசத்துக்கு வந்தபோது, சுமார் 15 லட்சம் வண்டிகளைப் பரிசோதிக்க டொயோட்டா ஒப்புக்கொண்டது. செலவு 340 கோடி டாலர் வரை போகலாம் என்று மதிப்பிடப்பட்டது. குறிப்பிட்ட அளவு ஓட்டை விழுந்த வண்டிக்கு அங்கே ஒட்டுப்போடவில்லை, சேஸையே மாற்றினார்கள்.

இங்கே நமக்கு அப்படி மாற்றித்தர யாரும் இல்லை என்பதால், வாங்கும்போதே பார்ப்பதுதான் வழி. பழைய ஜீப்போ தாரோ விலைபேசும்போது அடிப்பக்கம் புத்தம்புதுக் கருப்பில் மின்னினால், பின்சக்கரத்துக்கு மேலே சேஸ் வளையும் இடத்தில் கொஞ்சம் சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். காலடி விரிப்பைத் தூக்கி, தரைத்தகட்டில் ஈரவாடை அடிக்கிறதா என்றும் பாருங்கள். சுரண்ட விடமாட்டேன் என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் முன்பணம் கொடுக்காதீர்கள்.