பள்ளியிலிருந்து திருப்பி அனுப்பப்படும் பிள்ளைகள்



"இனிமேல் இவனைக் கூட்டிட்டு வராதீங்கம்மா. மத்த பிள்ளைங்களைக் கடிக்கிறான்." மனவளர்ச்சிக் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார் பலர், பள்ளியில் கேட்ட இந்தச் சொற்களோடுதான் நமது மருத்துவமனைக்கு வருகிறார்கள். மருந்து கொடுத்து அடக்கிவிட முடியுமா என்பது அவர்களுடைய முதல் கேள்வி. இப்படிப்பட்ட பிள்ளைக்குப் பள்ளியிலேயே உதவி பெற்றுத் தர வழியுண்டு. அதை இம்முறை உங்களுக்கு விளக்க விரும்புகிறோம். உங்கள் சபையிலும் இப்படியொரு குடும்பம் இருக்கக்கூடும். பிள்ளையின் கூச்சலுக்கு அஞ்சி அவர்கள் ஆராதனைக்கு வருவதை நிறுத்தியிருந்தால் உங்கள் கண்ணில் பட்டிருக்கமாட்டார்கள்.

முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். பேச்சு வராத பிள்ளை, காது வலித்தால் தலையைச் சுவரில் மோதலாம். சொத்தைப் பல், நாட்பட்ட மலச்சிக்கல், தூக்கமின்மை ஆகியவையும் இவ்வாறு வெளிப்படுவதுண்டு. ஆகவே நடத்தையைப் பற்றிப் பேசுமுன் எங்கள் மருத்துவர்கள் காதையும் வாயையும் வயிற்றையும் பரிசோதிக்கிறார்கள்.

உடம்பில் காரணம் இல்லையென்றால், ஒரு நோட்டு வாங்கச் சொல்கிறோம். ஒவ்வொரு முறையும் அதற்கு முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தான், அதன்பின் என்ன நடந்தது என்று இரண்டு வாரம் வீட்டிலும் பள்ளியிலும் எழுத வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் பல நேரங்களில் நோட்டே காரணத்தைக் காட்டிவிடுகிறது. எட்டு வயதுப் பையன் ஒருவன் கணக்குப் பாடம் தொடங்கியதும் மேசையைத் தள்ளுகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியை அவனை வெளியே நிற்க வைக்கிறார். அது அவருக்குத் தண்டனை. பையனுக்கோ கணக்கிலிருந்து விடுதலை. நாளைக்கும் தள்ளுவான். இன்னொரு பிள்ளை மணிச் சத்தம் தாங்காமல் கடிக்கும். வேறொன்று ஆசிரியை திரும்பிப் பார்ப்பதற்காகவே கடிக்கும். எல்லோருக்கும் ஒரே மருந்தையோ பிரம்பையோ நீட்டினால் எப்படிப் பலிக்கும்?

காரணம் தெரிந்தபின், அதே தேவையை வேறு விதமாகக் கேட்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் எட்வர்ட் கார், மார்க் டூராண்ட் என்னும் இருவர் 1985-ல் வெளியிட்ட ஆய்வில், பாடம் கடினமாயிருக்கும்போது உதவி கேட்கவும், தன்னைக் கவனிக்கும்படி கேட்கவும் 4 பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்களுடைய முரட்டுத்தனம் வெகுவாகக் குறைந்தது. பேச்சு வராத பிள்ளைக்குப் படம் வரைந்த அட்டை போதும்: தண்ணீருக்கு ஒரு குவளை, "போதும்" என்பதற்கு விரித்த கை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முன்பு பலித்தது இப்போது பலிக்கவில்லையே என்று பிள்ளையின் ஆத்திரம் முதல் சில நாட்களில் அதிகரிக்கலாம். அந்த நாட்களில் ஆசிரியரும் பெற்றோரும் மனந்தளர்ந்து கைவிட்டுவிட்டால், இன்னும் பலமாகத் தள்ளினால்தான் காரியம் நடக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்வான்.

இந்த ஏற்பாட்டைப் பள்ளியிடம் எழுத்தில் கேட்பது அவசியம். வாய்மொழியாகப் பெற்ற வாக்கு, தலைமையாசிரியர் மாறும்போது காற்றோடு போய்விடும். கடிதத்துடன் நோட்டின் நகல், மருத்துவரின் குறிப்பு, மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகல் ஆகியவற்றை இணைக்க வேண்டும். "உதவி செய்யுங்கள்" என்று பொதுவாக எழுதுவதைவிட, வகுப்பில் இந்த அட்டைகளைப் பயன்படுத்த வேண்டும், மணியடிக்குமுன் பிள்ளையை வராந்தாவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று குறிப்பாக எழுதுவது நல்லது. அரசுப் பள்ளியானால், வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வரும்படியும் கேட்கலாம்.

சட்டமும் துணை நிற்கிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதத்திற்குக் குறையாத ஊனம் உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பிள்ளைக்கேற்ற வசதிகளைச் செய்து தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. பள்ளி மறுத்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 8-ம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கவும், அடிக்கவும் தடை விதிக்கிறது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்த 2009-ம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மையே. அதைக் காட்டி நமது சபைப் பள்ளிகள் இப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவது நமக்கு அழகல்ல என்று எண்ணுகிறோம். 2016-ம் ஆண்டுச் சட்டத்தில் அப்படியொரு விலக்கும் இல்லை.

நடைமுறையில் பல தாய்மார் தடுமாறுவது அந்தக் கடிதத்தில்தான். கூலி வேலையை விட்டுவிட்டுப் பள்ளி வாசலில் நாள் முழுவதும் காத்திருக்கும் ஒரு தாய்க்கு, தலைமையாசிரியருக்கு இரண்டு பக்கம் எழுதுவது பெரிய காரியம். உங்கள் சபையில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் யாராவது வாரத்தில் ஒரு மணி நேரம் இதற்காக ஒதுக்கக்கூடுமானால், தயவுசெய்து எங்களுக்கு ஒரு கார்டு போடுங்கள்.